வாடா விழுந்தது, பள்ளிக்கூடம் எழுமா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய கட்டடங்களைக் காப்பதா, இடிப்பதா என்ற விவாதத்தைச் சென்ற மாதம் பாதியில் விட்டோம். கடைசி பஸ் போய்விடும் என்று கிர்கித் தோழர்கள் எழுந்தார்கள், கூட்டம் கலைந்தது. ஆனால் அதற்குள் நம் சங்கமே இரண்டு கட்சியாகிவிட்டது. "ஓட்டை உடைசலைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? இடித்துப் போட்டு நல்ல வீடாகக் கட்டட்டும்" என்றது ஒரு கட்சி. "எல்லாவற்றையும் இடித்துவிட்டால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?" என்றது மற்றக் கட்சி. மூன்றாவதாக ஒரு குரலும் கேட்டது. "அவர்கள் கோட்டை, அவர்கள் வாடா. பிழைக்க வந்த நமக்கு என்ன?" என்ற குரல். நம்மை அதிகம் உறுத்தியது அதுதான். விட்ட இடத்திலிருந்து பேசச் சொல்லி நிர்வாகக் குழு இன்று நம்மைப் பணித்திருக்கிறது. மெட்ரிக் படித்துவிட்டு ரயில்வேயில் பேனா பிடிக்கிற நமக்குக் கட்டடக் கலை தெரியாது. ஆனால் கட்டடத்தைக் கட்டுகிறவர்களும், இடிக்கிறவர்களும், அது எப்போது தலையில் விழுமோ என்று பயந்துகொண்டு உள்ளே படுப்பவர்களும் இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். பேச அந்தத் தகுதி போதும்.

மூன்றாவது குரலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். இந்த ஊருக்கு ரயில் வந்தது 1858இல், கண்டாலாவிலிருந்து. போர்காட் மலைப்பாதை திறந்தது 1863இல். அந்த மலையைக் குடைந்தபோது காலராவிலும் வெடி விபத்திலும் ஆயிரக்கணக்கான கூலிகள் மாண்டார்கள். பிறகு 1871இல் பம்பாய்ப் பக்கத்துத் தண்டவாளமும் சென்னைப் பக்கத்துத் தண்டவாளமும் ராய்ச்சூரில் கைகோத்தன. நம்மவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்த வழி அதுதான். ரயில்வேயில், ராணுவத்தில், கிர்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில், சாலையில், சாரத்தில் வேலை செய்தோம். இந்த ஊர்ப் பத்திரங்களில் நம் பெயர் இல்லாமல் இருக்கலாம். செங்கல்லில் நம் கைரேகை இருக்கிறது. ஆகவே 'நமக்கென்ன' என்ற பேச்சை இத்துடன் விடுவோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். புதவார் பேட்டில், தகடூசேட் கணபதி கோயிலுக்கு எதிரே, பிடே வாடா என்று ஒரு பழைய வீடு இருந்தது. (வாடா என்ற சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். மராத்தியில் அது முற்றம் வைத்த பெரிய வீடு. நம் செட்டிநாட்டு வீட்டுக்கு அண்ணனோ தம்பியோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 1848ஆம் ஆண்டில் அந்த வீட்டில் ஜோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். இடம் கொடுத்தவர் தாத்யாராவ் பிடே என்ற பிராமணர். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாக் கூட்டத்திலும் நல்லவர் ஒருவர் இருப்பார். மிஷனரிகள் அதற்கு முன்பே சில இடங்களில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதுண்டு. ஆனால் இந்த நாட்டு மனிதர்கள் தாங்களே முன்வந்து, சாதி பாராமல், பெண்களுக்கென்று திறந்த பள்ளிகளில் இது ஒரு முன்னோடி.

அப்போது ஜோதிராவுக்கு வயது 21, சாவித்திரிபாய்க்கு 17. நம் வீடுகளில் அந்த வயதுப் பெண்ணைக் கடைக்குத் தனியாக அனுப்பவே யோசிக்கிறோம். அந்தப் பெண் தினமும் தெருவில் நடந்துபோய்ப் பாடம் நடத்தினாள். வழியில் சாணியும் சேறும் எறிந்தார்கள் என்றும், பள்ளிக்குப் போய் மாற்றிக்கொள்ள இன்னொரு சேலை கையில் கொண்டுபோவாள் என்றும் இந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். மாமனார் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து இருவரையும் வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். உஸ்மான் ஷேக் என்ற முஸ்லிம் நண்பர்தான் இடம் கொடுத்தார். அந்தக் குடும்பத்துப் பாத்திமாவும் சாவித்திரிபாயோடு சேர்ந்து பாடம் நடத்தியவர் என்பார்கள். 1856இல் சாவித்திரிபாய் கணவருக்கு எழுதிய ஒரு கடிதத்தில், நான் இல்லாமல் பாத்திமாவுக்குச் சிரமமாக இருக்கும் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. கடைசியில் 1897இல் பிளேக் நோய் வந்தபோது, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அதே நோயில் சாவித்திரிபாய் இறந்தார்.

இத்தனை பெரிய கதை நடந்த வீடு என்ன ஆயிற்று? பள்ளிக்கூடம் வேறு இடங்களுக்குப் போயிற்று. வீடு கைமாறியது. கீழே கடைகள் வந்தன. மேலே மரம் உளுத்தது, சுவர் சரிந்தது. கணபதியைக் கும்பிட வரும் கூட்டம் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். எதிரே நிற்பது என்ன வீடு என்று கேட்டால் நூற்றில் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். 2006இல் மாநகராட்சி அந்த இடத்தில் நினைவகம் அமைக்கத் தீர்மானம் போட்டது. கடைக்காரர்களும் குடியிருந்தோரும் நீதிமன்றம் போனார்கள். வழக்கு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. 2023 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் காலி செய்யச் சொன்னது. அடுத்த மாதம் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி இரவு போலீஸ் காவலோடு இயந்திரங்கள் வந்தன. விடிந்தபோது வாடா இல்லை. 2024 செப்டம்பர் 29ஆம் தேதி பிரதமர் காணொலி வழியாகப் புதிய நினைவகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பூமிக்கடியில் போகும் மெட்ரோ பாதையின் ஒரு பகுதியைத் திறந்ததும் அதே நிகழ்ச்சியில்தான்.

இதில் யார் சரி? 'அந்த உத்தரத்தையும் தூணையும் தாங்கிப் பிடித்து, பழுது பார்த்து, அதே வீட்டைக் காத்திருக்க வேண்டும், புதுக் கட்டடம் கட்டினால் அது பெயர்ப்பலகைதானே' என்கிறார்கள் ஒரு சாரார். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பக்கத்தில் லால் மகாலைப் பாருங்கள். சிவாஜி வளர்ந்த உண்மையான மாளிகை எப்போதோ அழிந்துவிட்டது; இப்போது நிற்பது 1980களில் மாநகராட்சி கட்டியது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆனாலும் இடிப்பை முழுத் தவறு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தூண் உளுத்துச் சுவர் சரிந்த வீட்டைக் காக்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே இன்னும் இருபது ஆண்டு வழக்கில் போட்டிருப்பார்கள். காப்பது என்று முடிவெடுத்திருந்தால் ஐம்பது ஆண்டுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். அரசாங்கமும் நகரமும் தூங்கிய காலத்துக்கு அந்த மரத்தூண் என்ன செய்யும்?

ரயில்வேயில் பாலங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று நம் கேங்மேன் தோழர்களைக் கேளுங்கள். பாலம் கிழடாகிவிட்டது என்பதற்காக யாரும் இடிப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பாலம், பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக வைத்துக்கொள்வதும் இல்லை. தவறாமல் போய்த் தட்டிப் பார்ப்பார்கள், அளந்து எழுதுவார்கள். சந்தேகம் வந்தால் காஷன் ஆர்டர் போட்டு வண்டியை மெதுவாக விடுவார்கள். கர்டரை மாற்றினால் போதுமென்றால் கர்டரை மட்டும் மாற்றுவார்கள். கல்தூண் அப்படியே இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். ஏன் இவ்வளவு அக்கறை? மேலே வண்டி ஓடுகிறது, வண்டிக்குள் ஆள் இருக்கிறார்கள். வாடாவுக்குள்ளும் ஆள் இருக்கிறார்கள் அல்லவா? அதைத் தட்டிப் பார்க்க யார் வருகிறார்கள்?

ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் மாநகராட்சிக்காரர்கள் வருகிறார்கள், மறுக்கவில்லை. வீடுகளை சி-1, சி-2, சி-3 என்று பிரிக்கிறார்கள். சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. சி-2 பெரிய பழுது. சி-3 சின்னப் பழுது. சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கே போவது என்று நோட்டீசில் எழுதியிருப்பதில்லை. நம் குடும்பங்கள் சில ராஸ்தா பேட், நானா பேட், பவானி பேட் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளில் ஒற்றை அறையில் இருக்கின்றன. பாட்டன் காலத்து வாடகை. சொந்தக்காரர் சொல்வார்: "நீ கொடுக்கிற வாடகை வெள்ளை அடிக்கவே காணாது, நான் எங்கே கூரை மாற்ற?" அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1947இல் வந்த வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு உயர்த்திக்கொள்ள அனுமதித்தது. ஆனால் சில சொந்தக்காரர்களின் கணக்கு வேறு. வீடு தானாக விழட்டும், ஆள் தானாகப் போகட்டும், பிறகு மனையை பில்டருக்குக் கொடுத்துவிடலாம் என்பது அந்தக் கணக்கு. ஒழுகுகிற ஓட்டை வேண்டுமென்றே மாற்றாமல் விட்ட சொந்தக்காரரை நம் உறுப்பினர்களுக்கே தெரியும். மழைதான் அவருக்கு அடியாள். கூலி கேட்காத அடியாள்.

1961 ஜூலை 12ஆம் தேதி பான்ஷேத் அணை உடைந்து முட்டா ஆறு பேட்டைகளுக்குள் புகுந்தபோது, மண்சாந்தில் கட்டிய வாடாக்கள் கரைந்து விழுந்தன. அன்று வீடிழந்தவர்களில் வாடகைக்கு இருந்தவர்கள் எத்தனையோ பேர் திரும்பவும் அதே தெருவுக்கு வரவே இல்லை. வெள்ளம் வந்துதான் ஆளைக் கிளப்ப வேண்டும் என்பதில்லை, ஒரு நோட்டீசும் கிளப்பும்.

இன்னொரு கொடுமை இருக்கிறது. அது காக்கிறோம் என்று சொல்கிற பக்கத்திலிருந்து வருகிறது. 2010இல் திருத்திய மத்திய தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். சனிவார் வாடாவைச் சுற்றிக் கஸ்பா பேட், சனிவார் பேட் வீடுகள் இந்த வளையத்துக்குள் விழுந்தன. எரவாடாவில் ஆகாகான் மாளிகையைச் சுற்றியும் இதே கதை. சனிவார் வாடா 1732இல் கட்டி முடித்த பேஷ்வா மாளிகை. 1828இல் தீப்பிடித்து எரிந்தது; மதிலும் வாசல்களும் அடித்தளமும்தான் மிச்சம். அந்த மதிலைக் காக்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் மதிலுக்கு எதிரே மனிதன் இருக்கிற வீடு இற்றுப்போனால், இடிக்கவும் சொல்லி, திரும்பக் கட்டவும் கூடாது என்றால், அவன் எங்கே படுப்பான்? பேஷ்வா அரண்மனைக்குக் காவற்காரன் உண்டு, எதிர் வீட்டுக் கிழவிக்கு யார் உண்டு? சட்டத்தை எடுத்துவிடு என்று நாம் கேட்கவில்லை. எடுத்தால் முதலில் வருகிறவர் பில்டர்தான். பழைய உயரத்திலேயே, பழைய அளவிலேயே, குடியிருப்பவருக்காகத் திரும்பக் கட்ட அனுமதி கொடு என்கிறோம்.

இந்த விவாதத்தில் பூலே என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தோம். அதற்கு ஓர் உதாரணமே கிடைக்கிறது. அவர் 1876 முதல் சில ஆண்டுகள் இந்த ஊர் நகரசபை உறுப்பினர். 1880இல் வைஸ்ராய் லிட்டன் வருகைக்கு ஆயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தபோது எதிர்த்து ஓட்டுப்போட்ட ஒரே உறுப்பினர் அவர். பெரிய மார்க்கெட் கட்டடம் ஒன்று கட்டும் யோசனை வந்தபோதும், அந்தப் பணத்தைக் கல்விக்குச் செலவிடுங்கள் என்றுதான் வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1886இல் மார்க்கெட் திறந்தது. அன்றைய கவர்னர் பெயரால் ரே மார்க்கெட் என்று அழைத்தார்கள். பிறகு ஆச்சார்ய அத்ரே முயற்சியால் அதற்கு யார் பெயர் வைத்தார்கள் தெரியுமா? மகாத்மா பூலே பெயர்! வேண்டாம் என்றவர் பெயரே கோபுரத்தின் மேல் ஏறிவிட்டது. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். இன்று அந்தக் கல் கட்டடத்தை யாராவது இடிக்க வந்தால் நாமே குறுக்கே நிற்போம். ஏனென்றால் அதற்குள் காய்கறி விற்று ஆயிரம் குடும்பம் பிழைக்கிறது. கட்டடம் உழைப்பவனுக்குப் பயன்படுகிற வரையில் அதன் மேல் கடப்பாரை வைக்காதே என்பது நம் கட்சி. கட்டியவன் வெள்ளைக்காரன், எதிர்த்தவர் பூலே என்பதெல்லாம் பிறகு.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு, மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் 1900இல் திறந்தது. பழைய புத்தகம், பாத்திரம், பட்டாணி, பறவை, எல்லாம் அங்கே கிடைக்கும். ஊருக்குப் போய் வண்டி இறங்கியதும் பிள்ளைகளுக்கு அங்கேதான் பொம்மை வாங்குவார்கள். ரயில் நிலையத்தை விரிவாக்க அந்த இடம் வேண்டும் என்று பேச்சு நடந்தது. 1985 மே 30ஆம் தேதி மார்க்கெட் எரிந்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. ரயில்வே ஊழியராகச் சொல்கிறோம்: அந்த நிலையம் தேவைதான். தினமும் வேலைக்குப் போகிற ஏழை எளியவர்கள்தான் அதில் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் மார்க்கெட் இருந்ததற்கு அடையாளமாக இன்று அங்கே ஒரு சின்ன மாதிரி உருவம் மட்டும் நிற்கிறது. அந்தப் புத்தகக் கடைகளில் படித்து ஆளானவர்களின் கதையை அந்தப் பொம்மை சொல்லுமா?

யாழ்ப்பாணத்தையும் சொல்ல வேண்டும். 1981இல், மே மாதம் முடிந்து ஜூன் பிறக்கிற இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பிறகு அங்கே எழுந்த விவாதம் நம் விவாதத்துக்கு நெருங்கிய உறவு. எரிந்த சுவரை அப்படியே வைத்து உலகத்துக்குக் காட்டுவோம் என்றார்கள் சிலர். பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும், கட்டுவோம் என்றார்கள் சிலர். கடைசியில் பழைய வடிவத்திலேயே கட்டித் திறந்தார்கள். இப்போது அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். எரிந்த சுவடி திரும்பவில்லை. இரண்டும் உண்மை.

அதனால்தான் பிடே வாடா விஷயத்தில் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அங்கே எழப்போவது என்ன? பளிங்குத் தரை, சிலை, விளக்கு வெளிச்சம், வருஷத்தில் இரண்டு நாள் மாலை, அவ்வளவுதானா? பள்ளிக்கூடத்துக்கு நினைவகம் பள்ளிக்கூடமாக இருப்பதில் என்ன தடை? நாலு வகுப்பறை போதும். அந்தத் தெருவில் பூ விற்கிறவள் மகள், மூட்டை தூக்குகிறவன் மகள், வீட்டு வேலைக்குப் போகிற நம் பெண்களின் மகள், மராத்தி சரியாக வராததால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், இவர்கள் மாலையில் வந்து படிக்கட்டும். கீழே கடை வைத்திருந்து வெளியேறியவர்களுக்கும் மாற்று இடமும் நியாயமான ஈடும் கிடைத்தனவா என்று நகரம் கேட்க வேண்டும். வழக்குப் போட்டார்கள் என்பதற்காக அவர்கள் சாவித்திரிபாய்க்கு விரோதிகள் ஆகிவிடமாட்டார்கள். கடை போனால் யார்தான் சும்மா இருப்பார்கள்? இதை மனுவாக எழுதி மாநகராட்சி ஆணையருக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். மராத்தித் தோழர்களின் அமைப்புகளும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. இது தமிழர் மனுவாக மட்டும் போகக்கூடாது.

இடிக்கிற வேலைக்குப் போகும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடாவைப் பிரித்தால் தேக்குத் தூண், கதவு, வளை எல்லாம் நல்ல விலைக்குப் போகிறது. ஜூனா பஜாரில் போய்ப் பாருங்கள். விலை யாருக்கோ, ஆபத்து உங்களுக்கு. தலைக்குத் தொப்பி, இடுப்புக்குக் கயிறு இல்லாமல் மச்சில் ஏறாதீர்கள். கட்டடத் தொழிலாளருக்கான சட்டத்தில் இடிப்பு வேலையும் சேர்த்தி. வருஷத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் நலவாரியத்தில் பதிவு செய்யலாம். எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் வெட்கமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, நோட்டீஸ் வந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு. பயந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். மாநகராட்சி வீட்டை இடித்துவிட்டால் வாடகை உரிமையும் போய்விட்டது என்று சொந்தக்காரர் சொல்வார். அது தவறு. இதே மகாராஷ்டிரத்திலிருந்து போன ஒரு வழக்கில், கட்டடத்தை மாநகராட்சி இடித்தாலும் மனையின் மேல் குடியிருந்தவருக்கு உள்ள வாடகை உரிமை அதனால் அற்றுப்போகாது என்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. காலி செய்வதற்கு முன் உங்கள் அறையின் அளவை மாநகராட்சி அதிகாரியை வைத்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு ரசீது கொடுப்பது சொந்தக்காரரின் சட்டக் கடமை. இல்லையென்றால் மணியார்டரில் அனுப்பி அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சி-1 போட்டு உயிருக்கு ஆபத்து என்றால் உரிமைக்காக உள்ளேயே படுத்திருக்கவும் வேண்டாம். எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பிள்ளைகளை வைத்துச் சூதாட வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் நம் வக்கீல் நண்பர் ஒருவர் உட்காருவார், கட்டணம் இல்லை. வாடகை ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு, சுவரில் ஒட்டிய நோட்டீசின் நகல், எது இருக்கிறதோ எடுத்துக்கொண்டு வாருங்கள். மராத்தியில் எழுதியிருப்பது புரியவில்லை என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். படித்துச் சொல்ல நம் பிள்ளைகளே இருக்கிறார்கள். மனுவில் கையெழுத்து வாங்கும் தாளும் அங்கேயே இருக்கும். பெண்கள் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.